துக்க வீட்டில் ஒரு "வாங்க"

அன்புள்ள அம்மாவுக்கு, சேசுவுக்குப் புகழ். உன் முழங்கால் வலி குறைந்ததா? திண்டுக்கல்லில் நான் சுகம். மில் வேலையும் நடக்கிறது.

நேற்று மழைக்கு ஒரு ஒடிசாக்காரப் பெண் கைக்குழந்தையோடு வாசலில் ஒதுங்கினாள். "வாங்க" என்று உள்ளே கூப்பிட்டுச் சோறு போட்டேன். வீட்டுக்காரம்மா பாய்ந்து வந்தார்.

"ஏத்தா செலின், புருசன் செத்து வருசம் திரும்பல. துக்க வீட்டுல 'வாங்க'ன்னு சொல்லலாமா?"

"அவரு இருந்தா அவரே கூப்புட்டுருப்பாருக்கா. சேசுவே வந்து நின்னா, வருசம் திரும்புனதும் வாங்கன்னா சொல்லுவேன்?"

"அப்ப வீட்டக் காலி பண்ணு."

"பண்ணுறேன். அந்தப் புள்ள சாப்புட்டு முடிக்கட்டும்."

கவலைப்படாதே அம்மா, வேறு வீடு பார்த்துக்கொள்வேன். தம்பி இங்கே வந்தால் அவனிடம் நாலு சாப்பாட்டுத் தட்டு கொடுத்துவிடு. என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. நேற்று அதை அவளுக்குக் கொடுத்துவிட்டு நான் சட்டி மூடியில் சாப்பிட்டேன். புது வீட்டுக்கும் யாராவது வருவார்கள்.

மில் வண்டி வந்துவிட்டது.

உன் மகள்,
செலின்