கப்பலில் காலியாக வந்த இடம்

சின்னமனூர்,
16.6.1940

லண்டனில் இருக்கும் உங்களுக்கு,

மேல்படிப்பு இரண்டே வருஷம் என்று சொல்லிப் போனீர்கள். நாலு வருஷமாகிறது. யுத்தத்தால் கப்பல் கிடைக்கவில்லை என்று ஐந்து கடிதம் எழுதிவிட்டீர்கள். அத்தையும் நானும் நம்பினோம்.

போன வாரம் உங்களோடு படித்த உத்தமபாளையம் பக்கீர் முகம்மது ஊர் திரும்பி, நம் வீட்டுக்கு வந்தார்.

“அவுக போன வருசமே பட்டம் வாங்கிட்டாக, தங்கச்சி. கப்பல்ல ரெண்டு பேருக்கும் எடம் போட்டிருந்தோம். கடைசி நாள்ல வரலைன்னுட்டாக” என்றார்.

அத்தை எழுந்து உள்ளே போய்விட்டார். நான் காரணம் கேட்கவில்லை. சொன்னவரும் தலை நிமிரவில்லை.

நீங்கள் வந்துவிடுவீர்கள் என்று, போன வருஷம் மதுரையில் கிடைத்த ஆசிரியைப் பயிற்சியை வேண்டாம் என்று எழுதியவள் நான். இந்த வருஷமும் இடம் கொடுத்திருக்கிறார்கள். நாளை புறப்படுகிறேன். அத்தைதான் என் பெட்டியை அடுக்கினார்.

இனி எழுதினால் உண்மையை எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அம்மாவின் மருமகள்