ஏழு தொண்டைகள்

ஜூலை 14, திங்கள்

காலையிலேயே வெயில், காற்றே இல்லை. விழுப்புரத்திலிருந்து ஏழு மணி பஸ், நின்றபடியே பயணம். ஐஸ் பெட்டி காலிடுக்கில். கண்டக்டர், "இன்னாம்மா இது, மீனா?" என்றார். தொண்டை துடைக்கிற குச்சி என்று விளக்குவதற்குள் திண்டிவனமே வந்துவிடும். மருந்து என்றேன்.

கொண்டுபோனவை: பஞ்சுக் குச்சி ஒரு கட்டு. நாக்கை அழுத்தும் பட்டை. டார்ச் (செல் பழசு, மாற்ற மறந்தேன்). மிட்டாய்.

நான் படித்த பள்ளிக்கூடம். இருபத்தெட்டு வருடம் கழித்து அதே கேட், அதுவும் வெள்ளைக் கோட்டோடு. புளியமரம் இல்லை, அந்த இடத்தில் சைக்கிள் ஷெட். தண்ணீர்க் குழாய் மட்டும் அங்கேயே, அதே ஒழுகலுடன். ஆறாம் வகுப்பு அறை எவ்வளவு சின்னது! அப்போது மைதானம் போல இருந்தது.

காய்ச்சல், தொண்டை வலி எதுவும் இல்லாத பிள்ளைகள் மட்டும் வேண்டும் என்றதும் ஹெச்.எம். சிரித்தார். "நல்லா இருக்கிற புள்ளைங்கள எதுக்கு மேடம் புடிச்சிப் பாக்கறீங்க?" நல்ல தொண்டையிலும் கிருமி சும்மா குடியிருக்கும், பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது, எத்தனை பேருக்கு என்று தெரிந்துகொள்ளத்தான் என்றேன். ஓங்கரித்தவர்கள் மூன்று பேர். ஒருவன் என் கைமேலேயே.

இடைவேளையில் பார்த்தது: நான் கொடுத்த மிட்டாயைத் துப்பட்டா நுனியில் சுற்றி, பல்லால் கடித்து இரண்டாக உடைக்கிறார்கள் இரண்டு பெண்கள். காக்காய்க்கடி இன்னும் சாகவில்லை. துணி நடுவில் இருந்தால் எச்சில் படாது என்கிற அதே சட்டம். எனக்கும் பக்கத்து இடத்து மல்லிகாவுக்கும் அது இல்லாத நாளே கிடையாது. மல்லாட்டை (வேர்க்கடலை) உருண்டை, கொய்யா, ஒரு தடவை அழிரப்பர். ரப்பர் மாம்பழ வாசனை அடித்தது, அதனால்.

பஸ்ஸில் திரும்பும்போது முழுக்க மல்லிகா ஞாபகம்.

ஜூலை 16, புதன்

தூறல். லேபில் கரன்ட் இரண்டு முறை போய் வந்தது.

குச்சிகளைத் தடவி வைத்த பிளேட்டுகளில் ஏழில் வளர்ந்திருக்கிறது. சிவப்புப் பரப்பில் பொட்டுப் பொட்டாய்க் கிருமி, ஒவ்வொன்றையும் சுற்றி வெளுத்த வட்டம். பார்க்க அழகு, சொன்னால் வீட்டில் திட்டுவார்கள். ஏழு பேரும் ஓடி ஆடுகிற பிள்ளைகள்.

லேப் டாக்டர் சார் சொன்னது: மருந்து வேண்டாம். வீட்டில் இதய வால்வு நோயாளி யாராவது இருந்தால் மட்டும் தகவல் சொல், இந்தக் கிருமி தொற்றினால் அவர்களுக்கு வால்வு இன்னும் கெடும். பெற்றோரிடம் தனித்தனியாக நீயே பேசு.

முதல் இரண்டு நம்பர் சுவிட்ச் ஆஃப். மூன்றாமவர் "எந்த பேங்க்கும்மா?" என்று கேட்டு வைத்துவிட்டார். எனக்குச் சலித்துவிட்டது. ஏழு பெயரையும் ஹெச்.எம்.முக்கு வாட்ஸப்பில் அனுப்பி, பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள் என்று எழுதினேன். வேலை முடிந்தது.

வாங்க வேண்டியவை: டார்ச் செல், அரிசி மாவு, அம்மாவுக்குக் கால்வலித் தைலம்.

ஜூலை 18, வெள்ளி

வேலை முடியவில்லை.

மதியம் போன். "லேப் மேடமுங்களா? ஆறாவது படிக்கிற யாழினியோட அம்மா பேசறேங்க. எம் பொண்ண கடைசி பெஞ்ச்ல தனியா குந்த வெச்சிருக்காங்க. ஏழு பேருக்கும் தனி டம்ளர், அதுல நெயில்பாலிஷ்ல சிவப்புப் புள்ளி. நீங்க அனுப்பின லிஸ்ட்டுன்னு டீச்சர் சொல்றாங்க. இன்னா மேடம் நோவு அது?"

குரல் கேட்ட உடனே தெரிந்துவிட்டது. 'மேடமுங்களா' என்று கேட்டது மல்லிகா.

நோய் இல்லைங்க, பிள்ளை நன்றாக இருக்கிறாள் என்றேன். அவள் நிறுத்தவில்லை. "எனக்கு ஹார்ட் வால்வு கம்ப்ளைன்ட்டு. அது புள்ளைக்குத் தெரியும். நேத்துலேர்ந்து எங்கிட்ட வர மாட்டேங்குது. தட்ட எடுத்துக்கினு வாசல்ல போய் குந்திக்கினு துன்னுது. 'எங்கிட்ட வராதம்மா'ன்னுது."

திங்கட்கிழமை வருகிறேன் என்றேன். நான் தேவி என்று சொல்லவில்லை.

ஜூலை 19, சனி

சரியாகத் தூக்கமில்லை. எழுதிவிடுகிறேன், இங்கேயாவது.

ஆறாம் வகுப்பில் மல்லிகாவுக்குத் தொண்டை வலி, பிறகு காய்ச்சல், முட்டி வீக்கம். இரண்டு மாதம் வரவில்லை. திரும்பி வந்தபோது மூச்சு வாங்கியது. தொண்டைக் கிருமி சிலருக்கு இதய வால்வையே கெடுத்துவிடும் என்று அப்போது யாருக்குத் தெரியும். அம்மா என்னிடம், "அவகூட ஒட்டிக்கினு குந்தாத, உனுக்கும் வந்துடும்" என்றாள். மறுநாள் பையை எடுத்துக்கொண்டு மூன்றாவது பெஞ்ச் போனேன். மல்லிகா கேட்டதற்கு, "உனக்கு ஒட்டுற வியாதியாம்" என்றேன், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. அதற்குப் பிறகு அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. வருடம் முடிந்து வேறு பள்ளிக்கூடம் போய்விட்டாள்.

எனக்கு அந்த வருடம் ஒரு தும்மல்கூட இல்லை. குண்டுக்கல் மாதிரி இருந்தேன். என் தொண்டையில் அப்போது என்ன குடியிருந்ததோ. யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று எந்தப் பிளேட்டும் இனிச் சொல்லாது. வேறு யாரிடமிருந்தாவது வந்திருக்கலாம். எனக்கு வெட்கமாக இருக்கிறது. அன்று அவளைத் தனியாக உட்கார வைத்தேன், இப்போது அவள் பெண்ணையும்.

ஜூலை 21, திங்கள்

மேகமூட்டம். முதல் வேலை, ஹெச்.எம்.மிடம் போய்த் தப்பு என்னுடையது என்று சொன்னது. இரண்டாவது, ஆறாம் வகுப்பு டீச்சர். நல்ல மனுஷி. டம்ளரெல்லாம் சொந்தக் காசில் வாங்கியிருக்கிறார். "மத்த புள்ளைங்களுக்கு வந்துடக் கூடாதேன்னுதாங்க" என்றார். அவரை என்னவென்று கோபிப்பது.

வகுப்பில் நின்று சொன்னேன்: இந்த ஏழு பேருக்கும் நோய் இல்லை, இது பல பேர் தொண்டையில் இருந்துவிட்டுத் தானாகப் போகும், என் தொண்டையிலும் இருந்திருக்கலாம். பழைய இடத்தில் உட்கார வைத்தோம். யாழினி மட்டும் நகர மாட்டேன் என்றாள். பக்கத்து இடத்துப் பெண் வந்து அவள் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள், இவள் பின்னாலேயே போனாள்.

கேட்டில் மல்லிகா. இளைத்திருக்கிறாள். பார்த்ததும், "தேவி தான நீ? போன்லயே நெனச்சேன்" என்றாள்.

முதலில் வேலைப் பேச்சு. உனக்கு வால்வு நோய் இருப்பதால் ஏழு பேரில் யாழினிக்கு மட்டும் மாத்திரை தேவைப்படும், சாரிடம் இட்டுக்கொண்டு வா என்றேன். மறுபடி காய்ச்சல் வராமலிருக்க மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி உண்டே, போடுகிறாயா என்றேன். உட்டு ரெண்டு வருசம் ஆவுது என்றாள். "உயிர் போற வலிடி. வூட்டுக்காரரு லாரில போயிடுவாரு. தனியா போனா பாதி வழியில திரும்பிடறேன்." அதை விட்டால் மறுபடி காய்ச்சல் வரும், வால்வு இன்னும் கெடும் என்று கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன்.

பிறகு அதையும் சொன்னேன். உனக்கு வந்தது என் தொண்டையிலிருந்துகூட இருக்கலாம் மல்லி.

சைக்கிள் ஷெட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அது உனக்குத் தெரியாம வந்திருக்கும். பெஞ்ச் மாறிப் போனது தெரிஞ்சி தான போன?"

ஆமாம் என்றேன்.

"ஊசிக்குக் கூட வர்றியா?" என்றாள்.

ஜூலை 23, புதன்

நல்ல மழை. ஆஸ்பத்திரி வரிசையில் ஒரு மணி நேரம். டெஸ்ட் டோஸ் போட்டுவிட்டு அரை மணி உட்காரச் சொன்னார்கள். நேற்று யாழினி உள்ளே வந்து சாப்பிட்டாளாம், ஆனால் தட்டைத் தொட விடவில்லையாம். மாத்திரை முடிந்தால் சரியாகிவிடும் என்றேன். தெரியவில்லை.

நர்ஸ் திரும்பிப் படுக்கச் சொன்னதும் மல்லிகா என் கையைப் பிடித்தாள். கத்தவில்லை.

எழுதுகிற கையில் நான்கு நகக்குறி, எரிகிறது. அடுத்த ஊசி மூன்று வாரம் கழித்து. லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.