பட்டு என்று கூப்பிட வேண்டாம்

அன்பு மகள் இந்துவுக்கு, உன் சித்தப்பா சோலைராஜ் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து எழுதுவது. இங்கே நானும் உன் சித்தியும் சுகம், உன் நாயும் ஒரு காது கிழிந்த மட்டில் சுகம், அங்கே மஸ்கட்டில் நீ வேளைக்குச் சாப்பிட்டு டூட்டிக்குப் போய் வருகிறாயா என்பதுதான் எங்கள் கவலை. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நடந்தது அத்தனையும் இப்படித்தான் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். ராஜபாளையத்தில் வீட்டை விற்றுக் கிளம்பிய அந்தத் தெலுங்குக்காரர் வீட்டிலிருந்து வளர்ந்த நாயாக அதை நீ ஓட்டிக்கொண்டு வந்து, வெள்ளை வெளேரென்று மினுங்குகிறது என்று பட்டு என்று பெயர் வைத்தபோதே இந்தப் பெயரில் ஏதோ வில்லங்கம் இருக்கிறது என்றேன், நீதான் சிரித்தாய். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன்தான், ஆனாலும் மில்லில் ஃபிட்டராக இருந்தபோது சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் போகப்போகிறது என்று மேனேஜருக்கே சொன்னவன்.

போனில் பேசினால் நீ பாதியில் வைத்துவிடுகிறாய். "உங்களையே கடிச்ச பொறவு அது நமக்கு வேண்டாம் சித்தப்பா, சேத்தூர் தோப்புக்காரர் மாங்கா சீசன் முடிஞ்சு வந்து கூட்டிட்டுப் போகட்டும்" என்று முடித்துவிட்டாய். சீசன் முடிந்துவிட்டது, வருகிற ஞாயிற்றுக்கிழமை வேனோடு வருகிறாராம். தோப்பில் காட்டுப்பன்றி விரட்ட விடுவார்கள். பைக் சத்தத்துக்கே கட்டிலுக்கடியில் போய் நடுங்குகிற நாய் பன்றியை எங்கே விரட்டுவது, பன்றி ஒரே குத்தில் குடலை உருவிப் போட்டுவிடும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், அடுத்த வீட்டு ஜாபிர் இதைப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புவான், ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் வாசித்துவிடு.

கடிபட்ட அன்றைக்குக் காலையில் கண்மாய்க் கரைப் பக்கம் அதை நடத்திக்கொண்டு போனேன். முந்தின நாள் கல்யாணத்து எச்சில் இலைகளுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்த மூன்று தெருநாய்கள், மூன்றென்ன, ஏழெட்டு இருக்கும், எங்களைப் பார்த்துத் திரும்பின. செவலை ஒன்று கன்றுக்குட்டி உயரம். நான் கம்பை ஓங்கி ஒரே வீச்சு, ஒன்று பல்டி அடித்துக் கண்மாய்க்குள் விழுந்தது. செவலை நம் நாயின் காதைக் கவ்வித் தலையை உதறியதில் காது துணி மாதிரி கிழிந்து தொங்கியது, வெள்ளை மேனியெல்லாம் இரத்தம். "பட்டு, விட்டுரு, பட்டு, வந்துரு" என்று தொண்டை கிழியக் கத்தினேன். நான் கத்தக் கத்த அதற்கு வெறி ஏறியது. செவலையின் தொண்டையைப் பிடித்துத் தரையோடு அறைந்தது, முன்னங்கால் எலும்பு முறிகிற சத்தம் எனக்கே கேட்டது, செவலை வாயில் நுரையும் இரத்தமுமாக மூன்று காலில் ஊளையிட்டுக்கொண்டு ஓடியது. வெறி அடங்காமல் நம்முடையது திரும்பி என் கெண்டைக்காலையும் கவ்விவிட்டது. நான் அசையவில்லை, வேட்டியைக் கிழித்துக் கட்டிக்கொண்டு அதைத் தோளில் தூக்கிப்போட்டு நடந்தேன். பிச்சை முகம்மது அண்ணன் ஆட்டோவை நிறுத்தி, "ஏலே சோலை, ரத்தம் சீட்டுல படாமப் பிடிலே, நாயோடதா ஒன்னோடதான்னு தெரியாம எவன் கழுவுறது" என்று ஏற்றிக்கொண்டார்.

மாட்டாஸ்பத்திரியில்தான் குட்டு உடைந்தது. தையல் போடுகையில் உதவிக்கு இருந்த பையன் தலையைப் பிடித்துக்கொண்டான், நான் முதுகைத் தடவி "பட்டு, ஒண்ணுமில்ல பட்டு" என்றேன், சொல்லி வாய் மூடவில்லை, அவன் மணிக்கட்டில் நாலு பல்லும் இறங்கிவிட்டது. அவன் அலறினான், நான் நாயை ஓங்கி ஒரு அறை அறைந்தேன். ஆட்டைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்ற ராஜபாளையத்து அம்மா ஒருத்தி விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "ஏன் அண்ணாச்சி, நீங்களே பிடி பிடிங்கீக, பொறவு பிடிச்சிட்டுன்னு அதப் போட்டு அடிக்கீக, இது எந்த ஊரு ஞாயம்? எங்க வீட்டுல தெலுங்குல நாய ஏவிவிடுத சொல்லே அதான். பட்டுன்னா பிடி!" என்றாள். எனக்கு முன்பே சந்தேகம்தான் என்றாலும் அப்போதுதான் ஒவ்வொன்றாகக் கணக்குக் கூட்டிப் பார்த்தேன். பால்காரர் பாண்டி கையைக் கடித்த அன்று உன் சித்தி என்ன சொன்னாள், "பட்டு, நம்ம பால்காரர்தான் பட்டு" என்றாள். கூரியர்காரன் பேண்ட்டைக் கிழித்த அன்றும் பட்டு பட்டு என்றுதான் சமாதானம் செய்தோம். பயந்து நடுங்குகிற பிராணியை ஆள் வரும்போதெல்லாம் பிடி பிடி என்று நாமே ஏவியிருக்கிறோம்.

இப்போது அதன் பெயர் சீனி. வாய்ப்பூட்டு போட்டு, கூட்டமில்லாத தெருவாகப் பார்த்து நடத்துகிறேன், எதிரே நாய் தெரிந்தால் அது முறைக்கும் முன்னே திரும்பிவிடுகிறேன், மாடியில் கருவாட்டுத் துண்டுகளை அங்கங்கே ஒளித்துவைத்து மோந்து தேட விடுகிறேன், அதிலேயே களைத்துவிடுகிறது. குளிப்பாட்டுவதுதான் பெரிய யுத்தம். முதல் தடவை வாளி உருண்டு, குழாய் உடைந்து, சித்தியின் வளையல் நொறுங்கிக் கையில் இரத்தம் வர, அவள் சோப்பு நுரையோடு நின்று "நாயக் குளிப்பாட்டுறீகளா, எனக்குக் கருமாதி பண்றீகளா" என்று கேட்டாள். இப்போது சிரட்டையில் தயிர்ச்சோற்றைப் பூசி முன்னால் வைத்துவிடுகிறோம், அது நக்கி முடிப்பதற்குள் ஈரத்துண்டால் துடைத்து, அரத்தால் ஒரே ஒரு நகத்தைத் தேய்த்துவிட்டு விட்டுவிடுகிறேன், நாளைக்கு அடுத்த நகம். மில்லில் அரம் பிடித்த கை, ஒரு சொட்டு இரத்தம் வருவதில்லை. நேற்று பாண்டி வாசலில் நின்று "என்ன அண்ணாச்சி, இது அதே நாய்தானா" என்று கேட்டுவிட்டுப் போனார். ஆகையால் சேத்தூர்க்காரரை வரவேண்டாம் என்று நீயே ஒரு வார்த்தை சொல்லிவிடு, நான் சொன்னால் அவர் கேட்கமாட்டார்.

வெயிலில் அலையாதே, தலைக்கு எண்ணெய் வை. ஆண்டாள் தாயார் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாள். வீட்டுக்குப் போன் போட்டால் அதன் காதில் விழும்படி பட்டு என்று மட்டும் கூப்பிட்டுவிடாதே.

இப்படிக்கு,
உன்னைத் தூக்கி வளர்த்த சித்தப்பா
சோலைராஜ்

எழுதியதைச் சித்தியிடம் வாசித்துக் காட்டினேன். "காலு விசயத்த எழுதுனீகளா, இல்ல நானே போன் போட்டுச் சொல்லவா" என்கிறாள். எழுதிவிடுகிறேன். செவலை பாய்ந்ததும் கம்பையும் கயிற்றையும் போட்டுவிட்டுப் பக்கத்துத் தோப்புச் சுவரில் ஏறிவிட்டேன், சுவர் மேல் பதித்திருந்த பாட்டில் கண்ணாடிதான் என் காலைக் கிழித்தது. மேலே உட்கார்ந்துகொண்டுதான் பட்டு பட்டு என்று கத்தினேன். அது ஓடியிருக்கலாம், கயிறு யார் கையிலும் இல்லை. எல்லாம் முடிந்த பிறகும் காது தொங்க, உடம்பெல்லாம் உதற, நான் இறங்கும்வரை என் செருப்புக்குப் பக்கத்திலேயே நின்றது. சுவர் ஏறினேன் என்று சொல்ல வெட்கப்பட்டு நாய் கடித்தது என்று உன்னிடம் சொன்னேன், அந்தப் பொய்க்காக ஊசியும் போட்டுக்கொண்டேன். இன்றுவரை அதன் பல் என் மேல் பட்டதில்லை இந்து.