தொண்ணூற்றாறில் ஒரு ‘வாங்க’

அன்புள்ள குட்டிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம், அம்மாவும் சுகமாகத்தான் தெரிகிறாள், அவளிடமே கேட்டு எழுதலாம் என்றால் செவ்வாய்க்கிழமையிலிருந்து என்னோடு பேச்சில்லை. வேளாவேளைக்குக் காப்பி வருகிறது, டம்ளர் மேஜையில் ‘டங்’ என்று உட்காருகிறது, எங்களுக்குள் இப்போது அவ்வளவுதான் பேச்சுவார்த்தை. தப்பு என் பேரில்தான், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். முதலில் உன் பல் வலி எப்படி இருக்கிறது? நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப் போடாதே, தள்ளிப் போட்டவன் கதி என்ன ஆகும் என்று கீழே படித்துத் தெரிந்துகொள்.

மண்டல கிரிக்கெட் அணிக்காக இதுவரை ஆடியவர்கள் எல்லோருடைய பட்டியலையும் சங்கம் வெளியிட்டிருக்கிறது, நீயே அதைப் போனில் அனுப்பி ‘அப்பா, உங்க பேரு இருக்கு, ஆனா சராசரிக்கு நேரா வெறும் கோடுதான் இருக்கு, அச்சுப் பிழையா?’ என்று கேட்டிருந்தாய். பிழை இல்லை கண்ணு. இருநூற்றுப் பதினெட்டுப் பேரில் உன் அப்பனும் ஒருவன், ஆடிய ஆட்டம் ஒன்று, ரன் பூஜ்யம், விக்கெட் பூஜ்யம், கேட்ச் பூஜ்யம். சராசரி போட வேண்டுமென்றால் ஒரு தடவையாவது அவுட் ஆகியிருக்க வேண்டுமாம், நான் ஆகவில்லை, அதனால் கோடு. உங்கப்பனை அவுட்டாக்க ஒருத்தன் பொறக்கலை என்று சின்ன வயதில் உனக்குச் சோற்றோடு சேர்த்து ஊட்டினேனே, அது சத்தியமான உண்மை, ஒரு பந்தைக்கூட நான் சந்திக்கவில்லை என்பதை மட்டும் விழுங்கிவிட்டேன். அது போகட்டும். கூடவே நீ ‘மாமா 96ல ரன் அவுட்டா, ஓடத் தெரியாத மாமா’ என்று சிரிக்கிற பொம்மை நாலு போட்டிருந்தாய் பார், அதுதான் சுருக்கென்றது. அந்தப் பட்டத்தை நம் வீட்டுக்குள் கொண்டுவந்தவன் நான்.

நடந்ததைச் சொல்கிறேன். அன்றைக்கு ஒன்பது விக்கெட் போய், கடைசி ஆளாக நான் இறங்கினேன். எதிர்முனையில் உன் மாமா, தொண்ணூற்றாறு ரன், சதத்துக்கு இன்னும் நாலு. அப்போது அவர் எனக்கு மச்சான் இல்லை, ஒன்பது வருஷம் சீனியர், நான் ‘சார்’ என்றுதான் கூப்பிடுவேன். அவர் பந்தைத் தன் முதுகுக்குப் பின்பக்கம் தட்டிவிட்டார், அங்கே போகிற பந்து அடித்தவர் கண்ணில் படாது, எதிரே நிற்கிறவன்தான் ஓடி வரச் சொல்ல வேண்டும். எல்லோரும் ‘வா’ என்பார்கள், ஒரே எழுத்து. எனக்கு அவரைப் போய் ‘வா’ என்று கூப்பிட வாய் வரவில்லை, ‘வாங்க சார்’ என்றேன். அவர் பாதி தூரம் வந்த பிறகுதான் ஒருவன் பந்தை எடுத்துவிட்டதைப் பார்த்தேன். ‘நில்லு’ என்று கத்தியிருந்தால்கூடத் திரும்பியிருப்பார். நான் ‘ஐயோ வேணாங்க சார், நீங்க அங்கேயே இருங்க சார்’ என்று விண்ணப்பம் போல முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பக்கம் ஸ்டம்ப் பறந்துவிட்டது.

மேனேஜர் கேட்டபோது மாமா, நான்தான் அவசரப்பட்டுட்டேன் என்று சொல்லிவிட்டார், புதுப் பையன் வாய்ப்பு கெடக்கூடாதாம். நல்ல மனசு, ஆனால் வீண், என் பந்துவீச்சைப் பார்த்த யாரும் என்னை மறுபடி கூப்பிடவில்லை. அவருக்கும் அதற்குப் பிறகு நூறு கிட்டவே இல்லை. மன்னிப்புக் கேட்க மூன்று ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன், மூன்றாவது ஞாயிறு அவர் தங்கையைப் பெண் கேட்டுவிட்டுத் திரும்பினேன். கல்யாணமான புதிதில் அம்மா அந்த ரன் அவுட்டைப் பற்றிக் கேட்டாள், உங்கண்ணன் கூப்பிடாமலே ஓடி வந்துட்டார் என்று சொல்லிவிட்டேன். நல்ல புருஷன் என்று பேர் வாங்கும் அவசரம். முப்பத்திரண்டு வருஷமாக வீட்டில் எல்லோரும் அவரைக் கேலி செய்கிறீர்கள், அவரும் சேர்ந்து சிரிக்கிறார், ஒரு நாளாவது என்னைக் காட்டிக்கொடுத்ததில்லை.

சங்கத்தின் பழைய ஸ்கோரர் பட்டியலைப் புத்தகமாகப் போடுகிறார், ஒவ்வொருவர் பேருக்கும் கீழே ஒரு வரி. ஆடியவர்கள் வந்து படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். மாமாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகிப் பத்து நாள்தான், கறுப்புக் கண்ணாடியோடு இருக்கிறார், அதனால் செவ்வாய்க்கிழமை நானும் அம்மாவும் துணைக்குப் போனோம். மைதானத்துக்குப் பின்னால் சின்ன அறை, மூலையில் கிழிந்த வலை, மேஜை முழுக்கத் தாள். ஸ்கோரர் தொண்டையைச் செருமிக்கொண்டு ‘அவசரப்பட்டு ஓடிச் சதத்தைக் கோட்டைவிட்டவர்’ என்று வாசித்தார். மாமா, சரிதான், எங்க கையெழுத்துன்னு விரலை வெச்சுக் காட்டுங்க என்று பேனாவைத் திறந்தார். அம்மா, எங்கண்ணனுக்கு எப்பவுமே அவசரம்தான் என்று சிரித்தாள். கையெழுத்து விழுந்தால் அவருக்கு அதுதான் நிரந்தரம் என்று நினைத்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது குட்டி, அழுகையே வந்துவிட்டது. பேனாவைப் பிடித்துக்கொண்டேன். எல்லாவற்றையும் சொன்னேன், ஒரு ‘சார்’ விடாமல். ஸ்கோரர் திகைத்துப்போய், அப்ப என்னன்னு எழுதறது என்றார். மாமா, மரியாதையால ரன் அவுட்டுன்னு எழுதுங்க என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, இதைச் சொல்ல இத்தனை வருஷமாய்யா, அன்னிக்கும் இதே வியாதிதான் உனக்கு, கூப்பிடறதே லேட்டு என்றார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. எங்கண்ணனை என் வாயாலேயே கேலி பண்ண வெச்சுட்டீங்களே என்றாள். அவள் கேட்டதில் என்ன தப்பு.

வெளியே வந்ததும் அவள் விறுவிறுவென்று சாலையைக் கடந்து பஸ் நிறுத்தத்தில் போய் நின்றுகொண்டாள். சமாதானம் செய்யலாம் என்று நானும் பின்னாலேயே ஓடினேன், ஓடி அந்தப் பக்கம் சேர்ந்த பிறகுதான் மாமாவை மறந்தது ஞாபகம் வந்தது. கறுப்புக் கண்ணாடியோடு தன்னந்தனியாக எதிர்ப்பக்கம் நிற்கிறார், நடுவில் லாரியும் காரும் பறக்கிறது. என்னய்யா, ஓடலாமா என்று கத்தினார். நான் இடதுபக்கம் பார்த்தேன், வலதுபக்கம் பார்த்தேன், நம்பிக்கை இல்லாமல் மறுபடி இரண்டு பக்கமும் பார்த்தேன். ‘வா!’ என்றேன். மொட்டையாக. அம்மா சட்டென்று திரும்பிப் பார்த்தாள். அந்த மனுஷன் இந்தப் பக்கமும் பார்க்கவில்லை, அந்தப் பக்கமும் பார்க்கவில்லை, நேராக என் குரலைப் பார்த்து வந்தார். வந்து என் தோளைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டே, ‘தொண்ணூத்தி ஏழு’ என்றார்.

இனிமேல் அவரை ஓடத் தெரியாத மாமா என்று சொல்லாதே. ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் போன் செய். அம்மாவிடமும் எனக்காக இரண்டு நல்ல வார்த்தை சொல், இரண்டுக்கு மேல் தேறாது என்று எனக்கே தெரியும். பல் டாக்டரை இந்த வாரமே பார். நோய்நொடி இல்லாமல், ஒருவரை ஒருவர் சரியான நேரத்தில் கூப்பிட்டுக்கொண்டு, இருவரும் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும்.

இன்னும் அவுட் ஆகாத,
உன் அப்பா

பி.கு.: இன்று காலை மாமாவோடு அவர் வீட்டு எதிர்ப்பக்கத்து மருந்துக் கடைக்குப் போய் வந்தேன். போகும்போது தொண்ணூற்றெட்டு, வரும்போது தொண்ணூற்றொன்பது. நாளைக்குக் கண் டாக்டரிடம் போகவும் அதே சாலையைத்தான் கடக்க வேண்டும். கவரை ஒட்டப் போகும்போது அம்மா வாயைத் திறந்துவிட்டாள். நாளைக்கு நானும் வரேன், இந்தத் தடவையாவது ஒழுங்கா கூப்பிடறீங்களான்னு பார்க்கணும் என்றாள்.