சட்டைக் கையின் நீலம்

ஆகஸ்ட் 12, செவ்வாய். அண்ணாமலை நகர்.

சாயத்தை வளைய வடிவ மூலக்கூறுக்குள் அடைத்தால் அது பல மடங்கு ஒளிரும் என்பது எங்கள் கண்டுபிடிப்பு. இன்று சாயமும் வளையமும் சேர்க்காத வெறும் தண்ணீர்க் குப்பியே அதே நீலத்தில் ஒளிர்ந்தது. என் ஆராய்ச்சி கைடைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"குப்பிய எதுலம்மா கழுவுன?"

"துணி துவைக்கிற பவுடர்ல சார். லேப் சோப்பு தீந்து மூணு மாசம் ஆவுது."

குப்பியை எடுக்க யூவி விளக்கின் கீழே கையை நீட்டினார். அவருடைய வெள்ளைச் சட்டையின் கையும் அதே நீலத்தில் ஒளிர்ந்தது. துணி பளிச்சென்று தெரிய அந்தப் பவுடரில் ஒளிரும் பொருள் சேர்க்கிறார்கள். இது தெரிய பிஎச்.டி. வேண்டாம். கையை இழுத்துக்கொண்டார்.

"பேப்பர் அனுப்பியாச்சும்மா. உடு."

"சரிங்க சார்" என்றேன்.

அந்த ஆராய்ச்சிக் கட்டுரையில் முதல் பெயராக என் பெயரைத்தான் போட வேண்டும் என்று அவரோடு மல்லுக்கட்டியவள் நான்.