சாவிக்கொத்தை வெளியே வைத்துவிட்டு

மச்சான்,

போன வாரம் என் முட்டியை ஸ்கேன் எடுத்தார்கள். ஒரகடம் கூட்ரோட்டில் இப்போது டீக்கடைக்கு ஒரு ஸ்கேன் சென்டர் இருக்கிறது. ஷிப்ட் விட்டதும் கம்பெனிப் பையன்கள் பரோட்டா வாங்கப் போகிற மாதிரி போய் முதுகையும் கழுத்தையும் படம் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். உள்ளே விடுவதற்கு முன்னால் நீலச் சட்டை போட்ட பெண் ஒருத்தி பிளாஸ்டிக் தட்டு ஒன்றை நீட்டினாள்.

"தாத்தா, வாட்ச், பெல்ட், சாவி எல்லாத்தையும் இதுல போட்டுடுங்க. உள்ள பெரிய காந்தம் கீது."

"எனக்கே சொல்றியாமா? இந்த மிஷின் மெட்ராஸுக்கு வந்து எறங்கசொல்லவே கூட இருந்தவன் நானு. எங்க வெக்கணும்னு டாக்டருங்களே என்னைத்தான் கேட்டாங்க."

நீ பக்கத்தில் நின்றிருந்தால், "பாதிய கழிச்சிக்கமா" என்று அவளிடம் சொல்லியிருப்பாய். என் பேச்சில் பாதியைக் கழித்துவிட்டுத்தான் கேட்க வேண்டும் என்பது ஊருக்கே நீ சொல்லிக் கொடுத்த கணக்கு. சரி, கழித்துக்கொள். இறங்கும்போது நான் இல்லை. வந்த புதிதில் பார்த்தது நிஜம். உன்னால்தானே பார்த்தேன்.

இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்துத் தட்டில் போட்டேன். விழுந்த சத்தத்தில் அவள் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னா தாத்தா, எத்தினி வூடு உங்களுக்கு?"

"ஒன்னுதான். அந்த வூட்டு சாவி இதுல இல்ல."

அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். எனக்குத்தான் அந்தச் சாவிச் சத்தம் காதை விட்டுப் போகவில்லை. உள்ளே படுக்க வைத்தார்கள். மிஷின் டக் டக்கென்று இடிக்க ஆரம்பித்தது. நம் பட்டறையில் தகட்டை வைத்துச் சம்மட்டியால் அடித்தால் இப்படித்தான் கேட்கும். கண்ணை மூடினேன். நீ வந்துவிட்டாய்.

ஸ்ரீபெரும்புதூரில் பெங்களூர் ரோட்டோரப் பட்டறையில் நாம் இரண்டு பேரும் அடுத்தடுத்த லேத். நான் எட்டாவது வரை படித்தவன். அந்தக் காலத்து எட்டாவது என்றால் இந்தக் காலத்து இன்ஜினியருக்குச் சமம், அதில் கழிக்க ஒன்றும் இல்லை. என் தங்கச்சியை உனக்குக் கட்டிக் கொடுத்ததே அந்தப் பட்டறைப் பழக்கத்தில்தான். கல்யாணமாகி அவள் வயிற்றில் ஸ்டெல்லா இருந்தபோதுதான் நீ முதல் தடவை விழுந்தாய்.

லேத் ஓடிக்கொண்டிருந்தது. "மச்சான், வெல்லம் கருகற வாசனை வருது. யாரு காய்ச்சறாங்க?" என்றாய். இரும்புத் தூளும் எண்ணெயும் தவிர வேறு வாசனையே தெரியாத இடம் அது. "உன் மூக்குல எறும்பு பூந்துடிச்சா?" என்று கேலி செய்துகொண்டே திரும்பினேன். அதற்குள் நீ கீழே கிடந்து வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தாய். ஒரு கையால் ஸ்விட்சை அணைத்து மறு கையால் உன்னைத் தாங்கினேன் என்று பிறகு ஊரெல்லாம் சொன்னேன். தாங்கினது நான். ஸ்விட்சை அணைத்தது வேறு ஆள்.

"இரும்பு குடுங்கப்பா, கையில இரும்பு குடுங்க!" என்று எல்லோரும் கத்தினார்கள். யாரோ ஸ்டோர் ரூம் சாவியை உன் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் இழுப்பு நின்றது. சாவியால்தான் நின்றது என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். தானாகவே நிற்கும் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்?

அதற்குப் பிறகு நீ எங்கே விழுந்தாலும் சாவிதான். படப்பை பஸ்ஸில், வாலாஜாபாத் சந்தையில், முடிவெட்டுகிற கடையில். சில பேர் வைத்த சாவியைத் திரும்பத் தொட அருவருத்து அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். கலெக்டர் ஆபீஸ் சாவிகூட உன்னிடம் இருக்கிறது என்று நான் கதை விட்டேன். அதை முழுசாகவே கழித்துவிடு. ஆனால் வழிப்போக்கர்கள் விட்டுப்போன சாவிகள் நிஜமாகவே அதில் உண்டு. என் தங்கச்சி எல்லாவற்றையும் கோத்து உன் அரைஞாண் கயிற்றில் கட்டிவிட்டாள். இரும்பு உடம்போடு இருந்தால் வராது என்றார்கள். வந்துகொண்டேதான் இருந்தது. லேத்திலிருந்து எடுத்து உன்னைப் பேக்கிங்கில் உட்கார வைத்தார்கள். நீ அதற்கு ஒரு வார்த்தை பேசவில்லை.

நீ பேசியது ஸ்டெல்லாவின் ஞானஸ்நானத்தன்று. கோயிலில் சாமியார் காத்திருக்கிறார். தங்கச்சி குழந்தையை உன்னிடம் நீட்டினாள். நீ இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாய்.

"நீயே தூக்கு மச்சான். என் கையி எனக்கே சொந்தமில்ல."

"அட, பெத்தவன் தூக்காம ஊரானா தூக்குவான்? புடிடா."

"எப்ப வெல்லம் கருகும்னு எனக்கு தெரியாது. தூக்கு."

தூக்கினேன். அன்றிலிருந்து அவள் நடக்கும் வரை, நடந்த பிறகும், என் தோளில்தான் இருந்தாள். மாதா திருவிழாவுக்குத் தேர் பார்க்க என் தோள். காய்ச்சலில் ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்கு என் தோள். மழையில் ஏரிக்கரை வழுக்கும்போதும் என் தோள். நீ நாலடி தள்ளிப் பின்னால் வருவாய், இடுப்பில் சாவி குலுங்க. அவள் திரும்பிப் பார்க்க மாட்டாள். சத்தம் கேட்டால் அப்பா வருகிறார் என்று அவளுக்குத் தெரியும். சத்தம் நின்றால் என் தலைமுடியைப் பிடித்து இழுப்பாள். "மாமா, நில்லு. அப்பா காணோம்."

எத்தனையோ வைத்தியம் பார்த்தோம். தலையை எக்ஸ்ரே எடுத்தார்கள். பிற்பாடு வந்த கம்ப்யூட்டர் ஸ்கேனும் எடுத்தார்கள். ஒன்றும் இல்லை என்றார்கள். ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகு ஊர் என்னென்ன சொல்லும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாத்திரையில் கொஞ்சம் குறைந்தது. நிற்கவில்லை.

எண்பதுகளின் கடைசியில்தான் மெட்ராஸில் ஒரு நரம்பு டாக்டர், "காந்தத்தால படம் எடுக்கற மெஷின் ஒன்னு புதுசா வந்திருக்கு. எக்ஸ்ரேல தெரியாதது அதுல தெரியலாம். ஏதாவது தெரிஞ்சா எடுத்துடவும் வழி இருக்கும்" என்றார். ஸ்டெல்லா அப்போது காலேஜுக்குப் போக ரெடி. அவள்தான் உன்னைக் கிளப்பினாள். தாம்பரம் வரை பஸ், அங்கிருந்து ரயில். வழி நெடுக, அந்த மிஷின் யானை அளவு இருக்கும் என்று நான் அளந்துகொண்டே வந்தேன். நேரில் பார்த்தால் பாதியைக் கழிக்க வேண்டியே வரவில்லை.

லேத்தில் வேலை பார்த்தவன் என்றதும், கண்ணில் இரும்புத் தூள் ஏதும் தங்கியிருக்கிறதா என்று முதலில் உன் கண்ணை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். இல்லை. பிறகு வார்டு பையன் உன் இடுப்பைக் காட்டி, "அத்த கழட்டு நைனா" என்றான்.

நீ இரண்டு கையாலும் கொத்தைப் பொத்திக்கொண்டாய். "இது இல்லாம நான் வர்ல."

"இன்னா நைனா நீ! உள்ள கீறது காந்தம். சாவி பறந்து வந்து உன் மூஞ்சிலயே அடிக்கும். ஆளையே காலி பண்ணிடும்."

"ஊரே இரும்ப கையில குடுக்குது. நீ இன்னாடான்னா இரும்பே ஆகாதுன்ற. உள்ள வந்துட்சின்னா எவன் குடுப்பான்?"

"நான் ஒருத்தன் குடுப்பேன், போ" என்று சொல்லிப் பார்த்தேன். நீ என்னைப் பார்த்த பார்வையில் பாதி கழிந்தது. வெளியே வேறு ஆட்கள் காத்திருந்தார்கள். பையன் கதவைச் சாத்தப் போனான். நீ திரும்பி வாசலைப் பார்த்து நடக்கவே ஆரம்பித்துவிட்டாய். அன்றைக்கு அப்படியே போயிருந்தால் நீ மறுபடி வந்திருக்க மாட்டாய். எனக்குத் தெரியும்.

ஸ்டெல்லாதான் குறுக்கே போய் நின்றாள். "யப்பா. சாவிய மாமா கிட்ட குடு. நீ உள்ள இருக்கசொல்ல மாமா வெளிய நின்னுக்கினு ஆட்டிக்கினே இருப்பாரு. சத்தம் கேட்டா நாங்க கீறோம்னு அர்த்தம். எனக்கு அப்டித்தான தெரியும், நீ பின்னால வர்றது?"

நீ அவளையே பார்த்துக்கொண்டிருந்தாய். கயிற்றை அவிழ்த்துக் கொத்தை என் கையில் வைத்தாய். உன் உடம்புச் சூடு அதில் இருந்தது.

ஆட்டினேன் மச்சான். மணிக்கட்டு விட்டுப்போகும் வரை ஆட்டினேன். போவோர் வருவோரெல்லாம் பைத்தியம் என்று பார்த்தார்கள். மூடின கதவுக்குப் பின்னால் அந்த மிஷின் போட்ட இடியில் கோயில் மணியே அடித்திருந்தாலும் உனக்குக் கேட்டிருக்காது. போன வாரம் உள்ளே படுத்தபோதுதான் அதை நிச்சயமாகத் தெரிந்துகொண்டேன். ஆனால் நீ வெளியே வந்து என் தோளில் கை வைத்து, "கேட்டுச்சி மச்சான்" என்றாய். ஆயுசெல்லாம் என் பேச்சைக் கழித்துக் கேட்டவன், எனக்காகச் சொன்ன ஒரே பொய்.

டாக்டர் படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். காதுக்கு உள்பக்கம் மூளையில், அரை நெல்லிக்காய் அளவில் ஒரு முடிச்சு. ரத்தக் குழாய்கள் சிக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன என்றார். வாசனை தெரிகிற இடத்துக்குப் பக்கத்தில். அதுதான் வெல்லம். பேயும் இல்லை, யார் விட்ட சாபமும் இல்லை. எடுத்துவிடலாம்.

நீ ஒரே ஒரு கேள்வி கேட்டாய். "இவ பொறக்கசொல்லவே இது தெரிஞ்சிருந்தா?"

"அப்ப இந்த மெஷினே இல்லைங்களே" என்றார்.

ஸ்டெல்லா உன் பக்கத்தில் நின்றிருந்தாள். உன் காது உயரம். அவளை ஒரு தரம் மேலிருந்து கீழே பார்த்தாய்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வெல்லம் மறுபடி கருகவே இல்லை. ஒரு பொங்கலன்று தங்கச்சி நிஜமாகவே பாகைக் கருகவிட்டு, நாங்கள் எல்லோரும் மூலைக்கொருவராக ஓடி வந்து உன்னைப் பிடித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? "விடுங்கடா, இது நெஜ வெல்லம்டா!" என்று நீ சிரித்த சிரிப்பு ஏரி வரைக்கும் கேட்டது. கழிக்காதே, கேட்டது. அன்றைக்குத்தான் கொத்தை உன்னிடம் திருப்பிக் கொடுக்க வந்தேன். "நீயே வச்சிக்க. நல்லா ஆட்ற" என்றாய்.

எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். பிற்பாடு ஸ்டெல்லா தன் பையனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "தாத்தா கிட்ட போ" என்று உன் மடிக்கு நேரே நீட்டினாள். உன் இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால் போனது. நீ வேண்டுமென்று செய்யவில்லை. கைகள் தாமாகப் போயின. "மாமா கிட்ட குடும்மா" என்றாய். தலையிலிருந்து முடிச்சை எடுத்துவிட்டார்கள். கைக்கு யாரும் போய்ச் சொல்லவில்லை. அதற்கு எந்த மிஷினில் படம் எடுப்பது?

அந்த மழைக்காலத்தில் நீ தூக்கத்திலேயே போய்விட்டாய். மாரடைப்பு என்றார்கள். ஒரு பிள்ளையைக்கூடத் தூக்காமல் போனாய்.

ஸ்டெல்லாவை வளர்த்தது நான்தான் என்று எத்தனை பேரிடம் பெருமை அடித்திருப்பேன். என் தோளில்தான் உலகத்தையே பார்த்தாள் என்பேன். நீ கேட்டுக்கொண்டே இருப்பாய். மற்றதிலெல்லாம் பாதியைக் கழிக்கிறவன், இதை மட்டும் ஒரு நாளும் கழித்ததில்லை. அது ஏன் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மிஷின் நின்றது. அந்தப் பெண் தட்டைத் திருப்பிக் கொடுத்தாள். சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"முட்டி நல்லா தேஞ்சி கீதுன்னு டாக்டர் சொல்றாரு தாத்தா. ரொம்ப வெயிட் தூக்கினு இருந்தீங்களா?"

வேறு நாளாக இருந்தால் லாரி இன்ஜினையே ஒற்றை ஆளாக இறக்கினேன் என்று ஆரம்பித்திருப்பேன். வாயில் வரவில்லை மச்சான்.

"ஒரு கொழந்தய தூக்கினேன்மா. என்னுது இல்ல" என்றேன்.

இதில் பாதியைக் கழிக்காதே.