ரெட்கம் வாவி மீன்பிடிக் கழகத்துக்கு அனுமதியைத் திருப்பித் தரக் கோருதல்

அனுப்புநர்:
திருமதி யோகா அருந்தவன்,
கிரவீன், நியூ சவுத் வேல்ஸ்.

பெறுநர்:
பூங்கா, நீர்நிலைப் பொறுப்பதிகாரி அவர்கள்,
நகரசபை அலுவலகம்.

பொருள்: எங்கள் கோயிற்குழுவின் முறைப்பாட்டினால் மீன்பிடிக் கழகத்தின் அனுமதி நிறுத்தப்பட்டமை, வெள்ளிக்கிழமைக்கு முன் அதை மீள வழங்குதல் தொடர்பாக.

மதிப்புக்குரிய அதிகாரி அவர்களே,

எந்த மொழியிலும் எழுதலாம், மொழிபெயர்த்து வாசிப்போம் என்று உங்கள் இணையத்தளம் சொல்கிறது. எனக்குக் கோபம் தமிழில்தான் ஒழுங்காக வரும் என்பதால் தமிழிலேயே எழுதுகிறேன்.

1. சனிக்கிழமைகளில் மேய்ஸ் ஹில் முருகனைக் கும்பிட்டுவிட்டு, வாவிக்கரைக்கு வந்து மீன்களுக்குப் பொரி போடுவது எங்கள் குழுவின் வழக்கம். கோயில் கேணி மீனுக்குப் பொரி போட்டால் புண்ணியம் என்றால் வாவி மீனுக்கும் அப்படித்தானே என்று நினைத்தோம். எங்கள் பொரியைத் தின்று கார்ப் மீன்கள் நன்றாகக் கொழுத்தன.

2. அந்த மீன்களைக் கழகத்தார் பிடித்து ஐஸ் பெட்டியில் போடுவதைக் கண்டு எம்மவர்கள் கொதித்துப்போனார்கள். சாமி பேரில் வளர்த்த மீனைக் கொல்கிறார்கள் என்று உங்களுக்கு எழுதினார்கள். நீங்களும் உடனே அனுமதியை நிறுத்தவில்லை. படம் இருந்தால் அனுப்புங்கள் என்றீர்கள். படம் எடுத்துவர அனுப்பப்பட்டவள் நான்.

3. போனேன். கழகத் தலைவி லொறெய்ன், ஓய்வுபெற்ற பல் வைத்தியர், அப்போதுதான் ஒரு பாஸ் மீனைக் கரைக்கு இழுத்திருந்தார். தொடுமுன் இரு கைகளையும் தண்ணீரில் நனைத்தார். காய்ந்த கை பட்டால் மீனின் மேற்பூச்சு உரிந்து நோய் வருமாம். நனைத்த பாயில் கிடத்தி அளந்தார். பிறகு தண்ணீருக்குள் பிடித்தபடி, அது தானாக உதறிப் போகும்வரை காத்திருந்தார். பிடித்த உயிரை இத்தனை மரியாதையோடு வழியனுப்பியதை நான் வேறெங்கும் கண்டதில்லை. போனைக் கைப்பைக்குள் வைத்துவிட்டேன்.

4. பாஸ் இந்த மண்ணின் மீன். கார்ப் வெளியிலிருந்து வந்து, சேற்றைக் கிண்டி, நீர்ச்செடிகளைப் பிடுங்கி, வாவியையே கலக்கிவிடுகிறது என்று அவர் விளக்கினார். பல் சூத்தை என்று நோகாமல் சொல்லும் குரலில்தான் சொன்னார். பிடித்த கார்ப் தோட்டங்களுக்குப் பசளையாகப் போகிறது. கழகத்தார் செடி நட்ட கிழக்குக் கரையில் தண்ணீரின் அடி தெரிகிறது. நாங்கள் பொரி போடும் பக்கத்தில் கால் வைத்தால் கால் தெரியாது. இதைவிட உங்களுக்கு என்ன படம் வேண்டும்?

5. நான் வெறுங்கையோடு வந்ததால் வேறொருவர் போய் ஐஸ் பெட்டியைப் படமெடுத்து அனுப்பினார். நீங்களும் கழகத்தாரை ஒரு வார்த்தை கேளாமல் தடை போட்டீர்கள். முறைப்பாட்டை மீளப் பெறுவோம் என்று குழுவில் சொன்னேன். "ஓம், பாப்பம் அக்கா" என்றார்கள். இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதனால் தனியாக எழுதுகிறேன்.

6. வரும் சனிக்கிழமை வாவியில் விடுவதற்கு மீன் பண்ணையிலிருந்து பாஸ் குஞ்சுகள் வரவேண்டும். அனுமதி இல்லாவிட்டால் அவை வேறு நீர்நிலைக்குப் போய்விடும். அவற்றுக்காகவே கழகத்தார் வருடம் முழுக்கச் செடி நட்டார்கள், கார்ப் பிடித்தார்கள். தடைக்குப் பிறகும் தூண்டிலை வீட்டில் வைத்துவிட்டு வந்து, வாவி வேலிக்கு வெளியே குப்பை பொறுக்குகிறார்கள். அதில் எங்கள் பொரிப் பைகளும் உண்டு.

ஆகவே, வெள்ளிக்கிழமைக்குள் தடையை நீக்குமாறு மிகப் பணிவாகக் கேட்கிறேன். முடியாதென்றால் அதை மின்னஞ்சலில் அனுப்பாமல், கரைக்கு வந்து லொறெய்னின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அவர் கோபப்படமாட்டார். பிளாஸ்க்கைத் திறந்து உங்களுக்கும் தேநீர் ஊற்றுவார். தடை வந்த அன்று, யார் செய்த வேலை என்று தெரிந்தும், எனக்கும் ஊற்றித் தந்தார். அது ஆறிப்போகும்வரை கையிலேயே வைத்திருந்தேன்.

தங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
(ஒப்பம்) யோகா அருந்தவன்

இடம்: கிரவீன்
திகதி: 11.02.2025